ஜயன்ட்: ஒரு பெருமல்லன் சுமந்த சொல்

பொருட்காட்சியில் சுற்றும் ஜயன்ட் வீலுக்கு நம் ஊரில் ராட்சத ராட்டினம் என்று பெயர். சக்கரத்துக்கு அந்தப் பெயர் நன்றாகவே பொருந்துகிறது. ஏறுகிறவருக்குக் கொஞ்சம் பயம் வரவேண்டிய பொருள்தானே அது. ஆனால் அதே ஜயன்ட் ஒரு மனிதருக்குப் பட்டப்பெயராக வரும்போதும் கை பழக்கத்தில் 'ராட்சத மனிதர்' என்று எழுதிவிடுகிறது. ஆந்த்ரே தி ஜயன்ட் என்ற மல்யுத்த வீரரைப் பற்றி அப்படி எழுதியதைப் படிக்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அது ஏன் என்று புரியும்.

கிரேக்க மொழியில் கிகாஸ் என்பது ஒருமை, கிகான்டெஸ் என்பது பன்மை. வானமாகிய உரானோஸின் குருதி மண்ணில் சிந்தியபோது பூமித்தாய் கயாவுக்குப் பிறந்தவர்கள் அவர்கள் என்பது கதை. ஒலிம்பஸ் தெய்வங்களோடு போரிட்டுத் தோற்றவர்கள். இதில் நான் அடிக்கோடிட விரும்புவது ஒன்று: பழைய கதைகளில் அவர்களுடைய முதல் அடையாளம் உயரம் அல்ல. வலிமையும் போர்க்குணமும்தான். மலைபோன்ற உடம்பு என்ற பொருள் பின்னாளில்தான் வலுத்தது. ஆக, சொல் பிறக்கும்போது அதற்குள் இருந்தவர் ஒரு போர்வீரர்.

கிரேக்கத்திலிருந்து லத்தீன், லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு, அங்கிருந்து ஆங்கிலம் என்று சொல் நடந்தது. 1066-இல் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் கடல் கடந்தன. அவற்றில் இதுவும் ஒன்று. பிரெஞ்சில் இன்றும் 'ஜேயான்' என்கிறார்கள். கைப்பேசியில் நாம் தினமும் சொல்லும் ஜிகாபைட்டின் 'ஜிகா'வும் அதே கிரேக்க வேர்தான். அங்கே அது நூறு கோடி என்ற அளவாகிவிட்டது.

ஆந்த்ரேயின் வாழ்க்கையும் இந்தச் சொல் போன வழியிலேயே பிரான்சிலிருந்து வெளியே போயிற்று. ஆந்த்ரே ரெனே ரூசிமோஃப் 1946 மே 19 அன்று பாரிசுக்குக் கிழக்கே கூலோமியே என்ற ஊரில் பிறந்தார். தந்தை பல்கேரியாவிலிருந்தும் தாய் போலந்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள். மோலியன் என்ற சிற்றூரில், பண்ணை வேலைக்கு நடுவே வளர்ந்த பிள்ளை. பதின்ம வயதின் முடிவில் பாரிஸ் போனார். பகலில் சாமான் தூக்கும் வேலை, இரவில் மல்யுத்தப் பயிற்சி. அப்புறம் மேடை ஏறியபோது அவருக்குக் கிடைத்த பெயர்களில் ஒன்று 'ஜேயான் ஃபெர்ரே'. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூறாண்டுப் போர்க்காலத்தில், 1359-இல், வட பிரான்சின் பிக்கார்டியில் ஆங்கிலேயப் படையை எதிர்த்து நின்ற உழவர் ஒருவரை 'பெரிய ஃபெர்ரே' என்று பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பேருடல், பெரும்பலம், உழவர் குடி. பண்ணையிலிருந்து வந்த இந்த இளைஞருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஊர் மாற மாற அந்தப் பெயரும் மாறியது. 1970-இல் ஜப்பான் போனபோது 'மான்ஸ்டர் ரூசிமோஃப்'. கனடாவில் 'ஜான் ஃபெர்ரே'. 1973-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் கால்வைத்தபோது 'ஆந்த்ரே தி ஜயன்ட்'. பிரான்சில் விட்டுவந்த 'ஜேயான்' என்ற சொல்லே ஆங்கில உச்சரிப்போடு அவரிடம் திரும்பி வந்துவிட்டது! 1986-இல், முன்பே பேசி வைத்து நடத்தும் அந்த ஆட்டங்களில் ஒரு கதைத் திருப்பத்துக்காக முகமூடி போட்டுக்கொண்டு 'ஜயன்ட் மெஷின்' என்ற பெயரில் வந்தார். முகத்தை மறைத்தார்கள், பெயரையும் மாற்றினார்கள். ஜயன்ட் மட்டும் அப்படியே நின்றது.

மேடையில் அறிவிப்பவர் அவர் உயரத்தை 7 அடி 4 அங்குலம் என்றும் எடையை 520 பவுண்டு என்றும் முழங்குவார். நம் கணக்கில் 224 சென்டிமீட்டர், ஏறத்தாழ 236 கிலோ. விளம்பரத்துக்காகக் கூட்டிச் சொல்வது அந்தத் தொழிலின் வழக்கம் என்பதால் இதை அளவுகோல் வைத்து எடுத்த கணக்காகக் கொள்ள வேண்டாம். '15 ஆண்டுகளாகத் தோற்காதவர்' என்பதும் அப்படித்தான். 1986-இல் ஜப்பானில் அந்தோனியோ இனோக்கி என்ற வீரரிடம் பிடி தாளாமல் பணிந்திருக்கிறார். ஆனாலும் 1987 மார்ச் 29 அன்று, மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக் சில்வர்டோம் அரங்கில் ஹல்க் ஹோகன் என்ற அமெரிக்க வீரர் அவரைத் தூக்கிக் கீழே போட்ட அந்தச் சில நொடிகள் தொழில்முறை மல்யுத்த வரலாற்றிலேயே அதிகம் பேசப்பட்டவை. 93,173 பேர் வந்ததாக அமைப்பாளர்கள் அறிவித்தார்கள். அந்தத் தோள்பட்டி வைத்த கறுப்பு உடைக்குள் அவர் முதுகுக்குப் பட்டை கட்டியிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அந்த வலியோடு நின்று, இன்னொருவர் தன்னைத் தூக்குவதற்கு உடம்பைக் கொடுத்தவரை ராட்சதன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அந்த உடம்புக்கே ஒரு மருத்துவப் பெயர் உண்டு. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்தால் வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும். எலும்பின் வளர்முனைகள் மூடுவதற்கு முன் அது நடந்தால் ஆள் உயரமாகிக்கொண்டே போவார். அதற்குப் பெயர் ஜைகான்டிசம். மூடிய பிறகும் சுரப்பு நிற்காவிட்டால் கை, கால், தாடை, நெற்றி எல்லாம் தடித்துப் பெருக்கும், அது அக்ரோமெகலி. பியர் மாரி என்ற பிரெஞ்சு மருத்துவர் 1886-இல் இந்த இரண்டாவது பெயரை வைத்தார். அக்ரோன் என்றால் நுனி, மெகாஸ் என்றால் பெரிது. ஆந்த்ரேக்கு இரண்டுமே இருந்தன. மூட்டுகளும் இதயமும் அந்த எடையைச் சுமந்தன. 1993 ஜனவரி இறுதியில், தந்தையின் இறுதிச் சடங்குக்காகப் பிரான்ஸ் வந்திருந்தபோது, பாரிஸ் விடுதி அறையில் தூக்கத்திலேயே இறந்தார். வயது 46.

முதல் நோயான ஜைகான்டிசத்தைத் தமிழில் அசுரத்தன்மை என்றும் ராட்சதத்தன்மை என்றும் எழுதுகிறார்கள். இந்த இடத்தில்தான் எனக்கு ஆதங்கம். பத்து வயதுப் பிள்ளை வேகமாக வளர்கிறது என்று பயந்துபோய் வரும் தாயிடம் 'உங்கள் பிள்ளைக்கு அசுரத்தன்மை' என்று எப்படிச் சொல்வது? அசுரன், அரக்கன், ராட்சதன் எல்லாம் நம் கதைகளில் கொடுமையோடு பிணைந்த சொற்கள். அரக்கனும் ராட்சதனும் ஒரே வடமொழிச் சொல்லின் இரண்டு வடிவங்கள்தான். முன்னது பிராகிருத வழியாக வந்து தமிழ் ஒலிக்கு மாறிக்கொண்டது, பின்னது நேராக வந்தது. இரண்டிலுமே அளவைவிடத் தீமைதான் முன்னால் நிற்கிறது. கிரேக்கச் சொல்லில் அந்தக் கறை இந்த அளவுக்கு ஒட்டவில்லை.

தமிழில் பெரியதைச் சொல்ல அரக்கனைக் கூப்பிட வேண்டிய தேவையே இல்லை. 'ராட்சத அலை' என்று எழுதிய இடத்தில் இப்போது 'ஆழிப்பேரலை' என்று எழுதுகிறோம், யாருக்கும் தடை தட்டவில்லை. 'பெரு' என்ற அடை இருக்கிறது. உயிரெழுத்து வந்தால் பேர் ஆகிவிடும்: பேரரசு, பேருந்து, பேருரு. நோயைப் 'பேருரு வளர்ச்சி' என்றும், அக்ரோமெகலியை 'முனைப் பெருக்கம்' என்றும் சொன்னால் பொருளும் சரியாக வருகிறது, யாரையும் காயப்படுத்துவதும் இல்லை.

மேடைப் பெயருக்கு இன்னும் நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. மல் என்றால் வலிமை. 'மல்லல் வளனே', அதாவது மல்லல் என்றால் வளம், என்கிறது தொல்காப்பியம். வளமும் வலிமையும் பக்கத்து வீட்டுக்காரர்கள். மல் செய்பவர் மல்லர், மல்லும் போரும் சேர்ந்தால் மற்போர். ஆமூர் மல்லனை மற்போரில் வென்ற சோழன் கோப்பெருநற்கிள்ளியைப் புறநானூறு பாடுகிறது. இன்றைக்கும் 'அவனோடு மல்லுக்கட்ட என்னால் ஆகாது' என்கிறோம். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனின் பட்டப்பெயர் மாமல்லன். மாமல்லபுரம் அந்தப் பெயரைத்தான் சுமக்கிறது. கிகாஸ் என்ற சொல்லில் முதலில் இருந்த வலிமை, போர் இரண்டுமே மல்லனுக்குள் இருக்கின்றன. 'பெரு' சேர்த்தால் உடலளவும் வந்துவிடுகிறது. ஆகவே பெருமல்லன்.

தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவு முன்பே பேசி வைத்தது, அதை எப்படி மற்போர் என்பது என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கும் ஒரு பழஞ்சொல் கைகொடுக்கிறது. பொருநன் என்றால் போரிடுபவன்; கூத்தன் என்ற பொருளும் அதற்கு உண்டு. சண்டைக்காரனையும் ஆட்டக்காரனையும் ஒரே சொல்லில் வைத்த மொழி இது. வீழ்வது பேசி வைத்ததாக இருந்தாலும், விழும் உடம்பும் மேடைப் பலகையும் உண்மையானவை.

இனி எழுதும்போது என்ன செய்யலாம்? ஆந்த்ரே தி ஜயன்ட் என்பது சிறப்புப் பெயர், அதை அப்படியே விடலாம். ஜப்பானின் ஜயன்ட் பாபா, ஆந்த்ரேயின் மகன் என்ற கதையோடு 1995-இல் 'தி ஜயன்ட்' ஆக அறிமுகமாகிப் பிறகு பிக் ஷோ ஆனவர், இமாச்சலப் பிரதேசத்திலிருந்து போய் ஜப்பானில் 'ஜயன்ட் சிங்' ஆகவும் அமெரிக்காவில் 'தி கிரேட் காளி' ஆகவும் நின்ற தலிப் சிங் ராணா, இவர்களுக்கும் அதேதான். ஆனால் இவர்களைப் பொதுவாகக் குறிக்கும் இடத்தில் 'ராட்சத வீரர்கள்' வேண்டாம்; பெருமல்லர்கள் என்று எழுதுங்கள். ராட்டினத்துக்கு ராட்சதம் இருந்துவிட்டுப் போகட்டும்.