51 என்றால் தோல்வியா?

"கீயும் சரி, ஓ.டி.பி.யும் சரி. நானே டைப் செய்து நுழைந்தால் சர்வர் உள்ளே விடுகிறது. என் பைதான் ஸ்கிரிப்ட் போனால் மட்டும் துரத்துகிறது. ஏன்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கீ என்பது பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் காட்டும் சாவிக் கோப்பு. இதே சிக்கலில் ஒரு முழு சாயங்காலத்தைத் தொலைத்தவன் நான்.

தூரத்துச் சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் முறைதான் எஸ்.எஸ்.எச். அது பிறந்த கதை பலருக்கும் தெரியும். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருட, அங்கிருந்த தாத்து உலோனன் எழுதியது. முதலில் மறையாக்கம் செய்த குழாய் ஒன்று அமையும். 'நீ யார்?' என்ற விசாரணை அதற்குள்தான் நடக்கும். விசாரணையில் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு: 50 என்றால் விண்ணப்பம், 52 என்றால் வெற்றி, 51 என்றால் தோல்வி.

இந்த 51தான் எனக்குப் பிடித்தது. அதற்குள் இரண்டு சமாச்சாரங்கள் இருக்கின்றன. ஒன்று, இனி எந்தெந்த முறையில் முயலலாம் என்ற பட்டியல். இன்னொன்று, கடைசியில் ஒரே ஒரு ஆம்/இல்லை. அது 'ஆம்' என்றிருந்தால், 'இந்தப் படி தேறிவிட்டாய், பட்டியலில் இருப்பதையும் முடித்துவிட்டு வா' என்று பொருள். தாலுகா ஆபீஸில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு அடுத்த கவுன்டரைக் கை காட்டுவார்களே, அதேதான். கதவு இன்னும் திறக்கவில்லை, ஆகவே பெயர் தோல்வி. இதற்கென்று புது எண் கேட்காத அந்தச் சிக்கனம் எனக்கு அழகாகத் தெரிகிறது.

எஸ்.எஸ்.எச்.சுக்கான பிரபல மென்பொருளான ஓப்பன் எஸ்.எஸ்.எச்.சில் இப்படிப் படிகளை அடுக்கும் வசதி 2013இல் வந்தது. அட்மின் செட்டிங்கில் இரண்டு முறைகளுக்கு நடுவே கமா போட்டால் 'இதுவும் அதுவும்', இடைவெளி விட்டால் 'இது அல்லது அது'.

பைதானில் எஸ்.எஸ்.எச். வேலைக்கு உதவும் பாராமிக்கோ லைப்ரரியில் கீயைக் காட்டி நுழையும் ஃபங்ஷன், பாதி தேறினால் எர்ரர் தராது. மிச்சமுள்ள முறைகளின் பட்டியலைத் திருப்பித் தரும். அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த வேலைக்குப் போனால் அடிதான்.

சரி, நான் அதையெல்லாம் பார்த்துத்தான் எழுதியிருந்தேன். ஓ.டி.பி. கட்டத்தில் சர்வர் எண் 60இல் கேள்விகளை அனுப்பும், நாம் 61இல் பதில் தர வேண்டும். எத்தனை கேள்வியோ அத்தனை பதில், எண்ணிக்கை பிசகினால் சர்வர் தோல்வி என்றே சொல்ல வேண்டும் என்பது விதி. என் ஃபங்ஷன் கண்ணை மூடிக்கொண்டு எப்போதும் ஒரு ஓ.டி.பி.யைத் திருப்பித் தந்தது. ஓ.டி.பி. சரியாகவே போனது. உடனே சர்வர் இன்னொரு 60 அனுப்பியது, அதில் கேள்விகள் பூஜ்யம்! இதுவும் விதிப்படி செல்லும். அதற்கும் காலிப் பதில் ஒன்றை அனுப்பியே ஆக வேண்டும். என் ஸ்கிரிப்டோ கேட்காத கேள்விக்கு மறுபடி ஓ.டி.பி.யை நீட்டியது.

இது தெரியாமல் 5 விநாடி காத்திருக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன், அப்புறம் 10 ஆக்கினேன். வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கும் நாம், கோடில் செய்வதும் அதுதான்.

வந்த கேள்விகளின் எண்ணிக்கையை ஒவ்வொரு முறையும் பிரின்ட் செய்து பாருங்கள். 1, அப்புறம் 0 என்று வந்தால் உங்களுக்கும் எனக்கும் ஒரே வியாதிதான்.