ஆன்ட்டிவைரஸ் எப்படி வைரஸை அடையாளம் காண்கிறது?

ஐகார் சோதனைக் கோப்பு என்று ஒன்று உண்டு. மொத்தமே 68 எழுத்துகள், ஒரே வரி. அதை நோட்பேடில் ஒட்டிச் சேமித்துப் பாருங்கள். அடுத்த நொடியே ஆன்ட்டிவைரஸ் எச்சரிக்கை கொடுத்து, கோப்பைப் பிடித்துத் தனியே பூட்டிவிடும். உண்மையில் அந்த வரியால் எந்தக் கெடுதலும் வராது. ஆன்ட்டிவைரஸ் வேலை செய்கிறதா என்று சோதிப்பதற்காகவே, இதைப் பார்த்தால் வைரஸ் என்று சொல்லிவிட வேண்டும் எனத் தயாரிப்பாளர்கள் பேசிவைத்துக்கொண்ட வரி அது.

ஆன்ட்டிவைரஸின் அடிப்படை வேலை இதுதான்: முகம் பார்த்துப் பிடிப்பது. ஏற்கெனவே சிக்கிய வைரஸ்களின் அடையாளங்கள் ஒரு பெரிய பட்டியலாக அதனிடம் இருக்கும். புதிதாக வரும் கோப்பை அந்தப் பட்டியலோடு ஒப்பிடும். பட்டியல் பழசாகிவிட்டால் பயன் குறைந்துவிடும். தினமும் அது தன்னைப் புதுப்பித்துக்கொள்வது அதனால்தான்.

ஆனால் வைரஸ் எழுதுபவரும் சும்மா இருப்பதில்லை. அதே நிரலைக் கொஞ்சம் மாற்றிக் கட்டினால் முகம் மாறிவிடும். ஆகவே இப்போதைய ஆன்ட்டிவைரஸ்கள் நடத்தையையும் கவனிக்கின்றன. ஒரு நிரல் உங்கள் படங்களையும் ஆவணங்களையும் நூற்றுக்கணக்கில் திறந்து, ஒவ்வொன்றையும் புரியாத எழுத்துகளாக மாற்றி எழுதுகிறது என்றால், அதன் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் தடுத்துவிடலாம்.

சரி, எல்லா வைரஸையும் தப்பாமல் பிடிக்கும் ஒரு ஆன்ட்டிவைரஸை எழுதவே முடியாதா? முடியாது என்று ஃபிரெட் கோஹன் என்ற ஆய்வாளர் 1984-லேயே காட்டிவிட்டார். அவருடைய வாதம் எனக்கு மிகவும் பிடித்தது. அப்படியொரு குறைவற்ற ஆன்ட்டிவைரஸ் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது நான் ஒரு நிரல் எழுதுகிறேன். அது முதலில் அந்த ஆன்ட்டிவைரஸிடமே, "நான் வைரஸா?" என்று கேட்கும். ஆமாம் என்று பதில் வந்தால் ஒன்றும் செய்யாமல் நின்றுவிடும். இல்லை என்று வந்தால் பரவத் தொடங்கும். ஆன்ட்டிவைரஸ் எந்தப் பதிலைச் சொன்னாலும் அது தப்பாகிவிடும்! இது கணக்கிலேயே உள்ள எல்லை. எவ்வளவு பணம் கொடுத்து வாங்கினாலும் இதைத் தாண்ட முடியாது.

அதனால் வைரஸ் உள்ளே வரும் வழிகளையும் அடைக்க வேண்டியிருக்கிறது. 2017 மே 12 அன்று வானாகிரை என்ற வைரஸ் பரவியபோது யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. விண்டோஸில், கோப்புகளைப் பகிரும் பகுதியில் இருந்த ஓர் ஓட்டை வழியாக அது கணினிக்குக் கணினி தானாகவே தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் அவகாசம் இருந்தும், "அப்புறம் பார்க்கலாம்" என்று விடப்பட்ட கணினிகள் மாட்டிக்கொண்டன.

இன்னொரு வழி நம் கண்ணை ஏமாற்றுவது. 2000 மே மாதம் மின்னஞ்சலில் பரவிய 'ஐ லவ் யூ' புழு (தன்னைத்தானே நகலெடுத்துப் பரவும் நிரல்) மின்னஞ்சலோடு இணைத்து அனுப்பிய கோப்பு, பார்வைக்குச் சாதாரண உரைக்கோப்பு போல இருந்தது. பெயரில் 'டிஎக்ஸ்டி' என்பதற்குப் பிறகு 'விபிஎஸ்' என்று இன்னொரு வால் இருந்தது. அதுதான் அதை இயங்கும் நிரலாக்கியது. தெரிந்த வகைக் கோப்புகளின் கடைசி வாலை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடும். இன்றும் அப்படித்தான். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' பகுதிக்குப் போய் (விண்டோஸ் 11-ல் அதற்குள் 'ஷோ' என்பதற்கும் போய்) 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். பில் என்று வந்த பிடிஎஃப் உண்மையில் 'இஎக்ஸ்இ' என்ற இயங்கும் நிரல் என்றால், உடனே தெரிந்துவிடும்.

தினசரி வேலைக்கு அட்மின் கணக்கைப் பயன்படுத்தாமல் சாதாரணக் கணக்கில் நுழைவதும் நல்லது. உள்ளே வந்த வைரஸுக்குப் பெரும்பாலும் அந்தக் கணக்கின் அதிகாரம்தான் கிடைக்கும்.

இவ்வளவுக்கும் மேலே தப்பி வந்துவிட்டால்? பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர், கணினியில் செருகியிருக்கும் பென்டிரைவ், ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் சேர்த்தே பூட்டும். ஆகவே பேக்கப் எடுத்த டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். அவ்வப்போது அதிலிருந்து ஒரு படத்தைத் திறந்து, சரியாகத் திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.