தண்ணிய கொட்டினா மட்டும் போதாதுங்க, டிரம்மை தேய்க்கணும்

மதுரை பக்கத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. "தம்பி, எங்க தெரு சாக்கடையை அள்ளி ஆறு மாசம் ஆச்சு, யாரும் எட்டிப் பாக்கல. இப்ப என் பையனுக்கு டெங்கு வந்து அஞ்சு நாள் ஆஸ்பத்திரில கிடந்தான், பிளேட்லெட் நாப்பதாயிரத்துக்கு இறங்கிடுச்சு. இதுக்கு யாரு பொறுப்பு, நீங்களே சொல்லுங்க."

புள்ளை பக்கத்துல ராத்திரி பூரா உக்காந்து பிளேட்லெட் ரிப்போர்ட்டுக்கு காத்திருந்தவங்க கேக்குற கேள்வி இது, அதனால பொத்தாம்பொதுவா பதில் சொல்ல எனக்கு மனசு வரல. சாக்கடையை அள்ளாதது தப்புதான், அதுக்கு சண்டை போட வேண்டியதும் நியாயம்தான். ஆனா அந்த சாக்கடைல வளர்றது வேற கொசு. ராத்திரில காது பக்கத்துல வந்து ரீங்காரம் போடுதே அந்த க்யூலெக்ஸ், யானைக்கால் நோயை பரப்புறது அதுதான். டெங்குவை கொண்டு வர்றது ஏடிஸ் எஜிப்டி, கால்ல வெள்ளை வெள்ளையா வரி இருக்கும், பகல்ல கடிக்கும், பெரும்பாலும் நாம சேத்து வச்சிருக்கிற நல்ல தண்ணிலதான் வளரும். அது ரொம்ப தூரமும் போகாது, பிறந்த இடத்துல இருந்து நூறு இருநூறு மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் அதோட வாழ்க்கை முடிஞ்சிடும். அப்படின்னா அக்கா, உங்க பையனை கடிச்ச கொசு உங்க வீட்டுலயோ, ரெண்டு மூணு வீடு தள்ளியோ, இல்ல அவன் படிக்கிற ஸ்கூல்லயோதான் பிறந்திருக்கணும்.

இத குத்தம் சொல்றதுக்காக சொல்லலங்க. இந்தக் கொசுவோட முட்டை எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சிக்கிட்டா பொறுப்புங்கற வார்த்தைக்கு அர்த்தமே வேற மாதிரி புரியும், எனக்கு அப்படித்தான் புரிஞ்சது.

கொசு முட்டை, புழு, கூட்டுப்புழு, அப்புறம் பறக்குற கொசுன்னு நாலு கட்டமா வளரும், இதெல்லாம் ஸ்கூல்ல படிச்சதுதான். நம்ம ஊர் சூட்டுக்கு முட்டை பொரிஞ்சதுல இருந்து கொசுவா பறக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். கடிக்கிறது பொம்பளை கொசு மட்டும்தான், முட்டைக்கு சத்து வேணும்ங்கறதுக்காக. டெங்கு வந்தவரை கடிச்சா வைரஸ் அதோட வயித்துல பெருகி எச்சிலுக்கு வந்து சேர ஒரு எட்டுல இருந்து பன்னெண்டு நாள், அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் கடிக்கிற இடமெல்லாம் பரப்பும். நாம கையை உதறினா பறந்து போய் பக்கத்துல இருக்கிறவரை கடிக்கும், ஒரு வேளை ரத்தத்துக்கு ரெண்டு மூணு பேரை கடிக்கிறதும் உண்டு, ஒரே வீட்டுல அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் சேந்தே காய்ச்சல் வர்றதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இப்ப முட்டைக்கு வரேன். நான் இந்தக் கட்டுரை எழுதுறதே இதுக்காகத்தான்.

க்யூலெக்ஸ் தண்ணி மேலயே ஒரு சின்ன தோணி மாதிரி முட்டைகளை ஒட்டி மிதக்க விட்டுடும், தண்ணி வத்துனா சில மணி நேரத்துல எல்லாம் காலி. ஏடிஸ் அப்படி பண்ணாது. அது தண்ணிக்கு கொஞ்சம் மேல, ஈரமா இருக்கிற சுவத்துல, ஒவ்வொரு முட்டையா தனித்தனியா ஒட்ட வைக்கும். ஒரு தடவைக்கு கிட்டத்தட்ட நூறு முட்டை, அதையும் ஒரே இடத்துல வைக்காம டிரம்ல கொஞ்சம், பூந்தொட்டி தட்டுல கொஞ்சம், பின்னாடி கிடக்கிற ஆட்டுக்கல் குழில கொஞ்சம்னு பிரிச்சு வைக்கும். ஒரு இடம் அழிஞ்சாலும் இன்னொரு இடத்துல பிழைக்கும்ல.

வைக்கும்போது முட்டை வெள்ளையா இருக்கும், ரெண்டு மூணு மணி நேரத்துல கருத்துடும். ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, டிரம் ஓரத்துல யாரோ மிளகுத்தூளை தூவி விட்ட மாதிரி இருக்கும், அழுக்குன்னுதான் நினைப்போம். உள்ள இருக்கிற கரு முதல் ஒரு நாளுக்குள்ள தனக்கு தானே ஒரு உறை நெய்ஞ்சுக்கும். அம்மா கொடுத்த ஓடு வெளியில இருக்கு, அது போதாதுன்னு உள்பக்கமா இன்னொரு உறை. கைட்டின்ங்கற பொருள் அதுல இருக்கு, இறால் ஓட்டுல இருக்குமே அதே பொருள்தான். அந்த உறை விழுந்ததுக்கு அப்புறம் முட்டைக்குள்ள இருக்கிற ஈரம் லேசுல வெளிய போகாது. அதுக்கு முன்னாடி காஞ்சா முட்டை சுருங்கி செத்துடும், அதுக்கு பின்னாடின்னா மாசக்கணக்குல வெறும் காஞ்ச சுவத்துல உயிரோட ஒட்டிக்கிட்டு இருக்கும். சூழ்நிலை ஒத்து வந்தா ஒரு வருஷம் கூட தாங்கும்.

ரெண்டு மூணு நாள்ல உள்ள புழு முழுசா தயாராகிடும், ஆனா வெளிய வராது. காத்துக்கிட்டு இருக்கும். இந்த காத்திருப்புல உள்ள என்ன நடக்குதுன்னு ஐஐடி மண்டியும் பெங்களூருல இருக்கிற இன்ஸ்டெம்ங்கற ஆராய்ச்சி நிலையமும் சேந்து ஆராய்ச்சி பண்ணி 2023ல வெளியிட்டாங்க. காய ஆரம்பிச்சதும் முட்டை தன்னோட உடம்பு வேலையையே மாத்தி அமைச்சுக்குது, பாலிஅமைன்னு சில பொருட்களை அதிகமா தயாரிச்சு செல்லை பாதுகாத்துக்குது, கொழுப்பை எரிச்சு திரும்ப எழுந்திருக்கிறதுக்கான சக்தியை எடுத்துக்குது. அந்த கொழுப்பு எரியுறதை மருந்து வச்சு தடுத்துட்டா, காஞ்ச முட்டை தண்ணி பட்டாலும் பிழைக்கிறது குறைஞ்சு போகுது. நம்ம நாட்டு லேப்ல நம்ம ஊர் பிரச்சனைக்கு நடந்த வேலை இது, இத படிச்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம். உடனே மருந்து எங்கன்னு கேக்காதீங்க, ஒரு முட்டை ஏன் சாக மாட்டேங்குதுன்னு நிதானமா கேக்குற இந்த மாதிரி வேலைக்குத்தான் அரசாங்கம் வருஷா வருஷம் தடையில்லாம பணம் ஒதுக்கணும், காய்ச்சல் சீசன் வந்ததும் புகை மருந்துக்கு கோடி கோடியா செலவு பண்றதை விட இது எவ்வளவோ மேல்னு நான் உறுதியா நம்புறேன்.

சரி, காத்திருக்கிற புழு எப்ப வெளிய வரும்? தண்ணி பட்டா வரும்னு சொல்லிடலாம், ஆனா அதுல ஒரு நுணுக்கம் இருக்கு, இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச இடம். மழை பெஞ்சோ நாம குழாயை திறந்து விட்டோ தண்ணி மட்டம் ஏறி முட்டையை மூழ்கடிக்குது. அந்த தண்ணில இலை தூசு அழுக்கெல்லாம் இருந்தா பாக்டீரியா பெருகும், பெருகும்போது தண்ணில கரைஞ்சிருக்கிற ஆக்சிஜனை அது எடுத்துக்கும். ஆக்சிஜன் குறையுறதை உள்ள இருக்கிற புழு உணருது. அதுக்கு அதுதான் சிக்னல். ஏன்னா புழுவோட சாப்பாடே அந்த பாக்டீரியாவும் நுண்ணுயிரும்தான், ஆக்சிஜன் குறையுதுன்னா வெளிய சோறு தயார்னு அர்த்தம். புழுவோட தலைல முள்ளு மாதிரி ஒரு சின்ன பல் இருக்கு, அத வச்சு உள்ள இருந்து அழுத்துனா முட்டையோட ஒரு முனை மூடி மாதிரி திறந்துக்கும், புழு வெளிய நழுவிடும். லேப்ல நிறைய முட்டையை ஒரே நேரத்துல பொரிக்க வைக்கணும்னா தண்ணில இருக்கிற காத்தை பம்ப் வச்சு உறிஞ்சி எடுத்துடுவாங்க, இல்லன்னா கொஞ்சம் ஈஸ்ட் போடுவாங்க, அவ்வளவுதான்.

எல்லா முட்டையும் ஒரே தடவைல பொரியாது. ஒரு பகுதி அடுத்த மழைக்கு, இன்னும் ஒரு பகுதி அதுக்கும் அடுத்த மழைக்குன்னு பாக்கி நிக்கும்.

நான் இத வீட்டுலயே செஞ்சு பாத்தேன். போன வருஷம் ஐப்பசி மாசம், ஒரு கொட்டாங்குச்சில பாதி தண்ணி ஊத்தி, உள் ஓரத்தை சுத்தி பழைய பழுப்பு கவர் காகிதத்தை பட்டையா வெட்டி வச்சு, கொல்லைப்பக்கம் நிழல்ல விட்டேன். நாலாவது நாள் எடுத்து பாத்தா தண்ணிக்கு மேல ஒரு விரல் உயரத்துல வரிசையா கருப்பு புள்ளி, லென்ஸ் வச்சு எண்ணினேன், 63. காகிதத்தை காய வச்சு கவருக்குள்ள போட்டு அலமாரில வச்சிட்டேன். ஆறு வாரம் கழிச்சு, சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு வச்சிருந்த தண்ணிய ஒரு கண்ணாடி டம்ளர்ல ஊத்தி அந்த காகிதத்தை முக்கினேன். காபி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள நூல் துண்டு மாதிரி ஒண்ணு துள்ளிச்சு. அப்புறம் இன்னொண்ணு. அலமாரில புத்தகத்துக்கு நடுவுல ஆறு வாரம் கிடந்தது அது. சாயங்காலத்துக்குள்ள 40க்கு மேல. பாத்து முடிச்சதும் கொதிக்கிற தண்ணிய ஊத்தி எல்லாத்தையும் அழிச்சிட்டேன், நீங்க யாராவது செஞ்சு பாத்தா நாலு நாளுக்கு மேல கொட்டாங்குச்சிய வெளிய விடாதீங்க, கடைசில கொதிதண்ணி ஊத்த மறந்துடாதீங்க.

இப்ப யோசிங்க. "வாரம் ஒருதடவை தண்ணிய கொட்டிடறோமே"ன்னு நிறைய பேர் சொல்வாங்க, உண்மையிலேயே கொட்டவும் செய்வாங்க. கொட்டினா அன்னைக்கு இருக்கிற புழு போயிடும், அது நல்லதுதான். ஆனா முட்டை தண்ணில இல்லையே, சுவத்துலதானே இருக்கு. காலி டிரம்ல ரெண்டு நாள் காயும், அதுக்குத்தான் அது தயாரா இருக்கே. திரும்ப குழாய திறந்து நிரப்புறோம் பாருங்க, அதுதான் அந்த முட்டை காத்துக்கிட்டு இருந்த மழை. உள்சுவரை தேங்கா நாரோ பிரஷ்ஷோ வச்சு அழுத்தி தேய்க்கலன்னா கொட்டின வேலைல பாதி வீண். தேய்ச்சு வர்ற தண்ணிய சாக்கடைல விடாம பிளீச்சிங் பவுடரோ கொதிதண்ணியோ கலந்து கொட்டுங்க. வாரம் ஒருதடவைன்னு சொல்றதுக்கு காரணம் முன்னாடி சொன்ன அந்த கணக்குதான், புழு கொசுவா மாறுறதுக்குள்ள நாம முந்திக்கணும்.

புகை மருந்து வண்டி வந்தா எல்லாருக்கும் ஒரு நிம்மதி வருது. அந்த புகை பறந்துக்கிட்டு இருக்கிற கொசுவைத்தான் கொல்லும், முட்டையை ஒண்ணும் பண்ணாது. ஏடிஸ் கொசு தெருவுலயும் நிக்கிறது இல்ல, உங்க கொடில தொங்குற துணிக்கு பின்னாடி, கட்டிலுக்கு அடியில, பீரோ சந்துல இருட்டா பாத்து உக்காந்திருக்கும். நிலவேம்பு குடிச்சிட்டோம் எங்களுக்கு வராதுன்னு சொல்றவங்க வீட்டு மாடில மூடி இல்லாத டேங்கை நான் என் கண்ணால பாத்திருக்கேன். குடிங்க, வேண்டாம்னு சொல்லல, ஆனா கஷாயம் டிரம்மோட சுவத்தை தேய்க்காது.

இது வீடு வீடா போய் பாத்தாதான் அடங்கும்ங்கறது புதுசா கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல. கியூபால கார்லோஸ் ஃபின்லேங்கற டாக்டர் 1881லயே மஞ்சள் காய்ச்சலை (மஞ்சள் காமாலை இல்ல, இது வேற ஒரு வைரஸ் காய்ச்சல்) இந்தக் கொசுதான் பரப்புதுன்னு சொன்னார், பல வருஷம் யாரும் காதுல போட்டுக்கல. 1900ல அது நிரூபணம் ஆச்சு, அடுத்த வருஷமே ஹவானால வீடு வீடா ஆள் போய் தொட்டி தொட்டியா பாத்து, புழு இருந்தா அபராதமும் போட்டாங்க, அந்த ஊர்ல மஞ்சள் காய்ச்சல் ஒழிஞ்சுது. பிரேசில்ல 1958ல இந்தக் கொசுவே இல்லைன்னு அறிவிக்கிற அளவுக்கு வந்தாங்க, அப்புறம் கவனம் குறைஞ்சது, கொசு திரும்ப வந்துடுச்சு. இதோட உறவுக்காரி ஏடிஸ் அல்போபிக்டஸ் ஆசியால இருந்து அமெரிக்காவுக்கு போனதே பழைய டயர் மூலமாத்தான், 1985ல டெக்சாஸ்ல அது பரவி இருக்கிறதை கண்டுபிடிச்சாங்க. கப்பல்ல காஞ்ச டயருக்குள்ள காஞ்ச முட்டையா கடல் தாண்டிடும்.

இதையெல்லாம் சொல்லிட்டு அரசாங்கத்தை விட்டுட முடியாது. மக்கள் டிரம்ல தண்ணி பிடிச்சு வைக்கிறது ஆசைக்கு இல்லையே, நாலு நாளைக்கு ஒருதடவை தண்ணி விட்டா வேற என்ன பண்ணுவாங்க? தினமும் தண்ணி வந்தா பாதி டிரம்முக்கு வேலையே இல்ல. வீட்டுக்கு வந்து டார்ச் அடிச்சு பாத்து புழுவைக் கொல்ற அபேட் மருந்து ஊத்திட்டு போறாங்களே டிபிசி பணியாளர்கள் (வீட்டுல கொசு வளருதான்னு பாக்குறவங்க), அவங்க பெரும்பாலும் தினக்கூலிதான். அவங்களை வாசல்லயே நிறுத்தி "எங்க வீட்டுல ஒண்ணும் இல்ல"ன்னு திருப்பி அனுப்புறவங்க நம்மள்ல எத்தனை பேர்! என்னோட நியாயம் இதுதான்: தண்ணி தர்றது, சாக்கடை அள்ளுறது, அந்த பணியாளருக்கு ஒழுங்கா சம்பளம் தர்றது அரசாங்கத்தோட பொறுப்பு, அதை கேட்டு வாங்கணும். ஆனா ஃபிரிட்ஜுக்கு பின்னாடி தண்ணி சொட்டுற தட்டு, மாடில கவுத்து வைக்காத பெயிண்ட் டப்பா, மணி பிளான்ட் பாட்டில், இதுக்கெல்லாம் எந்த கமிஷனரும் வர முடியாது, அந்த ரெண்டு அடி சுவர் நம்ம கைக்கு மட்டும்தான் எட்டும்.

இன்னொண்ணு, வீட்டுல ஒருத்தருக்கு டெங்குன்னா முதல் ஒரு வாரம் பகல்லயும் கொசுவலைக்குள்ள படுக்க வைங்க. அவரை கடிக்கிற கொசுதான் அடுத்த வீட்டுக்கு வைரஸை எடுத்துட்டு போகுது. ஒரு தடவை டெங்கு வந்தவருக்கு வேற ரகம் வைரஸ் ரெண்டாவது தடவை வந்தா ஆபத்து இன்னும் அதிகம், மொத்தம் நாலு ரகம் இருக்கு.

இதுல பாதியை அந்த அக்காகிட்ட போன்லயே சொன்னேன். மறுநாள் ஒரு போட்டோ அனுப்பினாங்க. பின்கட்டு சிமெண்ட் தொட்டி, தண்ணி மட்டத்துக்கு ரெண்டு விரல் மேல, செல்போன் டார்ச் வெளிச்சத்துல கருப்பு கருப்பா ஒரு கோடு. பெருசு பண்ணி எண்ணிக்கிட்டே வந்தேன், 50 தாண்டினதும் நிறுத்திட்டேன். "இத்தனை நாள் பாசின்னு நெனச்சேன் தம்பி"ன்னு எழுதியிருந்தாங்க. தேங்கா நார் போட்டு தேய்ச்சு பிளீச்சிங் பவுடர் போட்டு கழுவிட்டு, சாயங்காலம் திரும்ப ஒரு மெசேஜ். பக்கத்து வீடு ஒரு வருஷமா பூட்டிக் கிடக்காம், வீட்டுக்காரர் துபாய்ல, மாடி டேங்குக்கு மூடி கிடையாதாம். அவருக்கு போன் போட்டு பேசியிருக்காங்க, ஞாயித்துக்கிழமை அவர் மச்சான் சாவியோட வர்றாராம், கூட நானும் மேல ஏறி பாக்கப் போறேன்னு சொன்னாங்க.