"குழுவுக்குள் மட்டும்தான் போட்டேன்": பயிற்சி ஆசிரியர்களின் கைபேசியும் பிள்ளைகளின் முகமும்

ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் தமிழ்ப் பாடநூலின் ஒரு பத்தியைத் திக்கித் திக்கி வாசிப்பதைப் பயிற்சி ஆசிரியை ஒருவர் தம் கைபேசியில் பதிவு செய்தார். வாசிப்புச் செயலி ஒன்றைப் பயன்படுத்துவதற்கு முன்னும் பின்னும் அவனிடம் ஏற்படும் மாற்றத்துக்குச் சான்றாக அதைத் தம் பயிற்சிக் கோப்பில் சேர்ப்பதே அவர் நோக்கம். உடன் பயில்பவர்களும் பார்க்கட்டும் என்று அந்தக் காணொளியைத் தங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார். அன்று இரவே அது அந்த மாணவன் குடியிருக்கும் சாலில் (வரிசையாக ஒற்றை அறை வீடுகள் கொண்ட மும்பைக் குடியிருப்பு) அவனுடைய பெரியப்பா மகனின் கைபேசிக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் காலையில் தெருப்பிள்ளைகள் அவன் வாசித்த விதத்திலேயே வாசித்துக் காட்டினார்கள். அந்த வாரம் முழுவதும் அவன் பள்ளிப் பக்கம் வரவில்லை. (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மும்பையில் தமிழ்ப் பிள்ளைகள் மிகுதியாகப் படிக்கும் பள்ளிகளில் பி.எட். மாணவர்களின் கற்பித்தல் பயிற்சியை மேற்பார்வையிடுவது என் வேலை. கடைசி பெஞ்சில் அமர்ந்து குறிப்பெடுக்கும் எனக்கு இத்தகைய சம்பவம் இந்தப் பருவத்தில் முதலாவதும் அன்று; எச்சரிக்கை செய்து சலித்துப்போனதால்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த ஆசிரியை கெட்டவர் அல்லர். வகுப்பில் நன்றாகப் பாடம் நடத்தக்கூடியவர், பிள்ளைகளிடம் அன்பாக இருப்பவர். நான் அழைத்துக் கேட்டபோது அவர் அழுதுகொண்டே சொன்ன பதில், எல்லாப் பயிற்சி ஆசிரியர்களும் சொல்லும் அதே பதில்தான்: "மேடம், குழுவுக்குள் மட்டும்தான் போட்டேன்."

இரண்டாண்டு பி.எட். படிப்பில் குறைந்தது 20 வாரங்கள் பள்ளியில் செலவிட வேண்டும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. இந்த நகரத்தில் அந்தக் காலத்தை ஸ்மார்ட் போர்டு இல்லாத பள்ளியில் கழிக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே வருகிறது. மாநகராட்சிப் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு 2015ஆம் ஆண்டிலேயே டேப்லெட்டுகள் வந்துவிட்டன. எந்தக் கருவியை எப்படி இயக்குவது என்பதைப் பயிற்சி ஆசிரியர்கள் எங்களைவிட விரைவாகவே கற்றுக்கொள்கிறார்கள், அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. பிள்ளைகளின் முகம், குரல், பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றில் எது வகுப்பறையின் கதவைத் தாண்டலாம், எது தாண்டக் கூடாது என்று முடிவெடுப்பதும் அந்தக் கருவிப் பயிற்சியின் ஒரு பகுதி என்பதைத்தான் யாரும் அவர்களுக்குச் சொல்வதாகத் தெரியவில்லை.

இந்தக் "குழுவுக்குள் மட்டும்" என்ற எண்ணத்தைச் சற்று விரிவாகவே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பயிற்சி ஆசிரியர்களே, உங்கள் வகுப்புக் குழுவில் ஐம்பது அறுபது பேர் இருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பும் படம், அமைப்பை மாற்றி வைக்காதவர்களின் கைபேசிகளில் தானாகவே இறங்கி, கேலரியில் அவர்கள் வீட்டுக் கல்யாணப் படங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கைபேசியைத் தம்பி விளையாடக் கேட்பான், தங்கை எடுத்துப் பார்ப்பாள். பலரது கைபேசிகளிலிருந்து அது கூகுள் போட்டோஸுக்கும் தானாகவே ஏறியிருக்கும். பிறகு நீங்கள் பதறிப்போய் 'எல்லோருக்கும் நீக்கு' என்பதை அழுத்தும்போது, உரையாடலில் இருக்கும் படம் மறையுமே தவிர, ஒருவர் ஏற்கெனவே வேறொருவருக்கு அனுப்பிவிட்ட நகலையோ திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டதையோ உங்களால் தொடவும் முடியாது. ஸ்டேட்டஸில் வைத்தால் 24 மணி நேரத்தில் போய்விடும் என்று ஆறுதல் கொள்பவர்களுக்கும் இதுவே பதில். யார் திரையைப் படம் பிடித்தார்கள் என்று வாட்ஸ்அப் உங்களுக்கு அறிவிக்கப் போவதில்லை.

மும்பைக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ ஆன்டாப் ஹில்லிலோ பயிற்சி எடுக்கும் தமிழ் ஆசிரியர்களில் பலர் அதே பகுதிகளில் பிறந்து வளர்ந்தவர்கள். உங்கள் தோழியின் பக்கத்து வீட்டு அக்கா, அந்த மாணவனுக்குச் சித்தியாக இருப்பார். தாராவித் தமிழர்களில் பெரும்பகுதியினர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பதால், இங்கே மாலையில் குழுவில் போட்ட படம் இரவுச் சாப்பாட்டுக்குள் ஊரிலிருக்கும் தாத்தாவின் கைபேசிக்கும் போய்விடுகிறது. அந்நியர்கள் பார்த்தால்தான் ஆபத்து என்று நினைக்கிறீர்கள். பிள்ளைகளை நாள்தோறும் காயப்படுத்துவது பெரும்பாலும் தெரிந்தவர்களின் சிரிப்புதான்.

அதைவிடக் கடுமையான நிலைமையும் உண்டு. கணவரின் அடிக்குத் தப்பிப் பிள்ளையோடு வீடு மாறி வந்திருந்த ஒரு தாய், பள்ளியின் பெயர் பொறித்த சீருடையில் தம் மகள் நிற்கும் படம் ஒரு பயிற்சி ஆசிரியரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருப்பதைக் கேள்விப்பட்டுத் தலைமையாசிரியரிடம் ஓடி வந்தார். பிள்ளையின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைச் சற்றுப் பெரிதாக்கினால் தந்தையின் பெயரும் தாயின் எண்ணும் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் படத்தை எடுத்தவருக்கு இவற்றில் எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்திருக்க வழியில்லாத ஒருவர் அந்தப் படத்தை வெளியிட்டிருக்கவும் கூடாது.

"சேர்க்கையின்போதே பெற்றோர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்" என்பது அடுத்த சமாதானம். கட்டணச் சீட்டோடு சேர்த்து நீட்டப்பட்ட ஆங்கிலப் படிவத்தில், எந்த இடம் என்று விரலால் காட்டப்பட்ட இடத்தில் போட்ட கையெழுத்து அது. அப்படியே அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டாலும், அது பள்ளிக்குக் கொடுத்தது. சில வாரங்களில் திரும்பிப் போய்விடும் உங்களுடைய சொந்தக் கைபேசிக்குக் கொடுத்தது அன்று. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. குழந்தைகள் தொடர்பான கடமையில் தவறும் நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியமான கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பின் நடைமுறைக்கு வருகின்றன. கற்பித்தலுக்கும் பாதுகாப்புக்கும் தேவையான கண்காணிப்பில் கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உண்டு என்பது உண்மையே. உங்கள் ஸ்டேட்டஸ் அந்த விலக்குக்குள் வராது. ஆனால் சட்டத்துக்குப் பயந்துதான் பிள்ளைகளை மதிக்க வேண்டும் என்ற நிலைக்கு ஓர் ஆசிரியர் வந்துவிட்டால், அவரோடு பேச எனக்கு அதிகம் இல்லை.

பெரிய அமைப்புகளே தடுமாறும் இடம் இது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒன்றிய அரசின் இணையவழிக் கல்வித் தளமான திக்ஷாவின் தரவுகள், பூட்டப்படாத ஒரு மேகச் (கிளவுட்) சேமிப்பகத்தில் திறந்து கிடந்தன என்று 2023 ஜனவரியில் செய்தி வெளியானது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவையும், ஏறக்குறைய ஆறு லட்சம் மாணவர்களின் தகவல்களும் அதில் இருந்தன. இத்தனை பொறியாளர்கள் பார்த்துக்கொள்ளும் இடத்திலேயே இப்படியென்றால், பூட்டுக்குறி நான்கு எண்களாக இருக்கும் உங்கள் கைபேசியில் ஒரு வகுப்பின் விவரம் முழுவதையும் வைத்திருக்க வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஸ்மார்ட் போர்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொதுப் பலகையில் உங்கள் சொந்தக் கூகுள் கணக்கைத் திறந்துவிட்டு, மணி அடித்ததும் அப்படியே கிளம்பிப் போகாதீர்கள். அடுத்த வகுப்பில் அதைத் தொடும் எட்டாம் வகுப்பு மாணவனுக்கு உங்கள் மின்னஞ்சலும் படங்களும் திறந்தே இருக்கும், அவன் ஆர்வமும் உங்களுக்குத் தெரியும். வெளியேற மறந்திருந்தால், வீட்டிலிருந்தே கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் 'உங்கள் சாதனங்கள்' பட்டியலைத் திறந்து அந்தப் பலகையை வெளியேற்றலாம். கைபேசித் திரையைப் பலகையில் காட்டும் முன் 'தொந்தரவு செய்யாதே' அமைப்பைப் போடுங்கள். பிரதிப்பெயர் (நான், நீ, அவன் போன்ற சொற்கள்) பாடத்தின் நடுவே, "மதியம் சாப்பிட்டியா, அந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போன் பண்ணாங்க" என்று ஓர் அம்மாவின் செய்தி பலகை முழுக்க விரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். வகுப்பு மீண்டும் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

கூகுள் ஃபார்ம் அடுத்த தொல்லை. பிரதிப்பெயரில் பத்துக் கேள்விகள் கேட்பதற்கு மாணவரின் முழுப்பெயர், பிறந்த தேதி, தந்தையின் தொழில், தாயின் எண் ஆகியவை எதற்கு என்று கேட்டால், "மாதிரிப் படிவத்தில் இருந்தது" என்கிறார்கள். மாதிரியில் இருந்தால் நீக்கத் தெரியாதா? வரிசை எண் ஒன்று போதும். விடைகளின் தொகுப்பை எல்லோருக்கும் காட்டும் அமைப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே இணைப்பை அனுப்புங்கள். மதிப்பெண் தாளை 'இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்' என்று திறந்து வைக்காதீர்கள். அப்படித் திறந்து வைக்கப்பட்ட ஒரு தாளில், ஒரு புண்ணியவான் தன் நண்பர்கள் அனைவருக்கும் முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு, தனக்கு மட்டும் சந்தேகம் வராத அளவில் ஒன்றிரண்டு குறைத்துக்கொண்டான். சிரிப்பு வந்தாலும், அதே தாளில் கடைசி இடத்தில் இருந்த மாணவியின் பெயரையும் எல்லோரும் படித்தார்கள் என்பதை நான் மறக்கவில்லை.

இப்போது புதிதாக, விடைத்தாள்களைப் படம் பிடித்துச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் ஏற்றித் திருத்தச் சொல்கிறார்கள். அவை தமிழ் இலக்கணத்தில் துணிந்து தவறு செய்யும் என்பது தனி வழக்கு. இங்கே என் கேள்வி, தாளின் தலைப்பில் இருக்கும் பெயரையும் பள்ளியையும் மறைத்தீர்களா என்பதுதான். நீங்கள் அமைப்புகளில் சென்று அணைக்காவிட்டால், இலவசக் கணக்குகளில் ஏற்றப்படுபவை அந்தச் செயலிகளை மேம்படுத்தப் பயன்படக்கூடும். பிள்ளைகளையே கணக்குத் தொடங்கச் சொல்வதற்கு முன் வயது நிபந்தனையையும் படியுங்கள்: சாட்ஜிபிடி 13 வயதுக்குக் கீழானவர்களுக்கு உரியதன்று, 18 வரை பெற்றோரின் அனுமதி வேண்டும்.

பெற்றோருக்குத் தகவல் அனுப்ப நீங்கள் தொடங்கும் வாட்ஸ்அப் குழு, நாற்பது தாய்மார்களின் எண்களை ஒருவருக்கொருவர், அவரவர் வீட்டு ஆண்களுக்கும் சேர்த்து, பகிர்ந்துவிடுகிறது. நிர்வாகி மட்டுமே எழுத முடியும் என்று அமைத்தாலும் எண்கள் மறைவதில்லை. 'கம்யூனிட்டி' அமைப்பின் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்கள் ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்க முடியாது. அதைப் பயன்படுத்துங்கள், அதையும் பள்ளியின் எண்ணிலிருந்து வகுப்பாசிரியரே தொடங்கட்டும். பயிற்சிக்கு வந்த உங்களுக்கு அந்த எண்கள் தேவையே இல்லை.

படம் எடுத்தே ஆக வேண்டும் என்றால், பள்ளியின் எழுத்துப்பூர்வ அனுமதியைப் பெற்றுப் பள்ளியின் கருவியிலேயே எடுங்கள். பிள்ளைகளின் பின்புறமிருந்து எடுங்கள், அல்லது கைகளையும் பலகையையும் மட்டும் எடுங்கள். நோட்டின் மேல் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டைத் திருப்பி வையுங்கள், அடையாள அட்டையைச் சட்டைக்குள் போடச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் கேமராவைக் கீழே இறக்குங்கள், வற்புறுத்தாதீர்கள். பயிற்சி முடிந்து கிளம்பும் நாளில் கைபேசியிலும் குப்பைத் தொட்டியிலும் மேகச் சேமிப்பிலும் இருப்பவற்றை அழித்துவிட்டு, அழித்ததைத் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

என் சக மேற்பார்வையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கோப்பில் வண்ணப் படங்கள் அதிகமாக இருந்தால் மதிப்பெண்ணும் அதிகமாகப் போடும் நம் வழக்கம்தான் இந்தப் பயிற்சி ஆசிரியர்களைக் கைபேசியைத் தூக்க வைக்கிறது. பாடத்திட்டம், கரும்பலகைக் குறிப்பின் நகல், பெயர் மறைத்த இரண்டு மூன்று மாணவர் பயிற்சித் தாள்கள், வகுப்பாசிரியரின் கையொப்பமிட்ட குறிப்பு ஆகியவை ஒரு வகுப்பு நடந்ததற்குப் போதுமான சான்றுகள். வரும் பருவத்திலிருந்து மாணவர்களின் முகம் தெரியும் படம் ஒட்டிய கோப்புகளை நான் திருத்தாமலே திருப்பிக் கொடுக்கப் போகிறேன். இதை எங்கள் கல்லூரியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியாகிவிட்டது. உங்கள் கல்லூரிகளிலும் பயிற்சி தொடங்கும் முன்பே ஒட்டுங்கள்.