காலிக் கட்டிலுக்கும் வாடகை

"தம்பி, பிள்ளைக்கு எத்தனை வருசம் தீர்ப்புப் போட்டவை?"

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு அம்மா போனில் கேட்டார். மகன் மெக்சிகோ எல்லை வழியாக அமெரிக்கா வந்து தஞ்சம் கேட்டவன். குடியேற்றக் காவலுக்குள் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. தீர்ப்பு எதுவும் இல்லையம்மா, வழக்கு முடியும்வரை வைத்திருக்கிறார்கள் என்றேன். "அப்ப ஏன் மறியல்ல வச்சிருக்கினம்?" என்றார். மறியல் என்றால் அங்கே சிறை. குடியேற்ற வழக்குகளே என் பிழைப்பு. இருந்தும் சட்டென்று பதில் வரவில்லை.

சட்டத்தின் கணக்கில் இது சிவில் காவல், தண்டனை இல்லை. அதனாலேயே அரசு செலவில் வக்கீலும் கிடையாது. பூட்டு, சீருடை, தலை எண்ணுவது எல்லாம் சிறையில் உள்ளபடியே. அந்தப் பூட்டின் சாவியும் பெரும்பாலும் கம்பெனி கையில். 2023 வாக்கில், 'ஐஸ்' எனப்படும் குடியேற்ற அமலாக்கத் துறையின் காவலில் இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தனியார் நடத்தும் மையங்களில்தான் இருந்தார்கள். ஜியோ குரூப்பும் கோர்சிவிக்கும் இதில் பெரிய கைகள். கோர்சிவிக்குக்கு முன்பு வேறு பெயர். 1984 ஜனவரியில் ஹூஸ்டனில் சாலையோர மோட்டல் ஒன்றை வாடகைக்கு எடுத்து, குடியேறிகளை அதில் அடைத்துத்தான் தொழிலைத் தொடங்கியது.

வருமானம் கட்டில் கணக்கில் வருகிறது: ஒரு கட்டில், ஒரு நாள், இவ்வளவு டாலர். பல ஒப்பந்தங்களில் 'குறைந்தபட்ச உத்தரவாதம்' என்றும் ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு கேட்டரிங் பேசியவர்களுக்கு இது சட்டென்று புரியும். 500 இலை என்று பேசிவிட்டால், 300 பேர் வந்தாலும் 500 இலைக்கு எண்ணி வைக்க வேண்டியதுதான். கொரோனா காலத்தில், 2020 மே மாதம் மட்டும் ஆளில்லாத கட்டில்களுக்கு 2 கோடி டாலருக்கு மேல் போனதை அரசின் தணிக்கை அலுவலகமே பதிவு செய்திருக்கிறது. இலைக்குப் பணம் கட்டியாகிவிட்டால் ஆளைக் கூப்பிட்டு உட்கார வைக்கத்தானே தோன்றும்?

நீதிபதிக்குப் பங்கு போகிறது என்றெல்லாம் நான் சொல்லவரவில்லை. நான் பார்த்த நீதிபதிகள் பலர் வழக்குக் கட்டுக்குள் மூழ்கிக் கிடப்பவர்கள். ஆனால் விசாரணை மூன்று மாதம் தள்ளிப்போனால் அந்த மையத்தில் யாருக்கும் நஷ்டமில்லை, உள்ளே இருப்பவனைத் தவிர.

2021இல் பைடன் போட்ட உத்தரவால் தனியார் சிறைகளே ஒழிந்தன என்று நினைப்பவர்கள் உண்டு. அது நீதித்துறையின் கீழ் வரும் சிறைகளுக்கு மட்டும்; குடியேற்றக் காவலை அது தொடவே இல்லை. 2025 ஜனவரியில் டிரம்ப் அதையும் ரத்து செய்தார்.

சரி, அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் அங்கே தரை துடைத்தான். கூலி, நாளைக்கு ஒரு டாலர். அச்சுப்பிழை இல்லை, ஒரு டாலர்தான். 1979க்குப் பிறகு அந்தத் தொகையை நாடாளுமன்றம் திரும்பிப் பார்க்கவில்லை. கேன்டீனில் ஒரு நூடுல்ஸ் பாக்கெட் வாங்கினாலே அன்றைய கூலியில் பெரும்பகுதி போய்விடும் என்பான். "அண்ணா, போனுக்கு மிச்சம் பிடிக்கிறன்" என்றும் சொல்வான்.

வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா மையத்தை ஜியோ நடத்துகிறது. அங்கும் இதே ஒரு டாலர் கூலி நீதிமன்றத்துக்குப் போனது. மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி அப்போது மணிக்கு 13.69 டாலர். 2021 அக்டோபரில் ஜூரி 1.73 கோடி டாலர் பாக்கிக் கூலி கொடுக்கச் சொன்னது. 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2021இல் ஜூரியின் தீர்ப்பு வந்ததும் நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? அந்த வேலைத் திட்டத்தையே நிறுத்திவிட்டது. இருந்த ஒரு டாலரும் போயிற்று.

உங்கள் உறவினர் யாராவது இப்படி உள்ளே இருந்தால், முதலில் அவருடைய ஏ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குடியேற்றத் துறை அவருக்குக் கொடுக்கும் பதிவு எண் அது; 'ஏ' என்ற எழுத்தும் ஒன்பது இலக்கமும் இருக்கும். திடீரென்று வேறு மாநிலத்துக்கு மாற்றினாலும் ஐஸின் இணையதளத்தில் அதை வைத்துத் தேடலாம். கட்டணமில்லாமல் வழக்கு நடத்துபவர்களின் பட்டியல் குடியேற்ற நீதிமன்றத்திலேயே கிடைக்கும், கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேளுங்கள், கூச்சமே வேண்டாம். அப்புறம், புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடவேண்டாம் என்று உள்ளே இருப்பவரிடம் ஒவ்வொரு போனிலும் சொல்லுங்கள். ஏழெட்டு மாதம் ஆனதும் "நான் திரும்பிப் போறன்" என்று எழுதிக் கொடுத்தவர்கள் என் அனுபவத்திலேயே இருக்கிறார்கள். அதில் இரண்டு பேருக்காவது நல்ல வழக்கு இருந்தது.

அந்த அம்மா ஏ எண்ணைக் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். பதினோராவது மாதம் பையன் வெளியே வந்த அன்று, அதைக் கிழித்துப் போடலாமா என்று கேட்டார். வழக்கு இன்னும் முடியவில்லை, வைத்திருங்கள் அம்மா என்றேன்.