ஃப்ளோ: ஒழுக்கா, ஓட்டமா, நடையா?

தாராவி 90 அடி சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் எனக்கு ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று வேலை வரும். எதற்கு எந்தச் சொல் என்பது கைப்பழக்கம். யோசிக்க வேண்டியதே இல்லை. போன மழைக்காலத்தில் அக்கா மகன் ஒரு வேலையோடு வந்தான். அவனும் கூட்டாளிகளும் சேர்ந்து நடத்துகிற ராப் போட்டிக்குத் தமிழில் ஒரு போஸ்டர் வேண்டுமாம். மூன்று பரிசுகள்: சிறந்த வரி, சிறந்த குரல், சிறந்த ஃப்ளோ.

"மாமா, ஃப்ளோவையும் தமிழ்லயே போட்டுருங்க. என்ன வரும்?"

"ஓட்டம்" என்றேன் சட்டென்று. அவன் முகம் சுருங்கியதைப் பார்த்து, "நாளைக்குச் சொல்றேன்" என்று மாற்றிக்கொண்டேன். பன்னிரண்டு நாள் ஆயிற்று.

ஃப்ளோ என்றால் என்ன என்று எனக்குப் புரியவைக்க அவன் ஓர் ஆல்பத்தைப் போட்டுக் காட்டினான். அமெரிக்க ராப்பர் கென்ட்ரிக் லமார் 2015 மார்ச்சில் வெளியிட்ட 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை'. 16 பாட்டு, ஏறக்குறைய 79 நிமிடம். ராப் என்றால் கணினியில் செய்த பீட்டும் அதன் மேல் பேச்சும்தான் என்று நினைத்திருந்தவர்களை அது தூக்கிவாரிப்போட்டது. சாக்ஸபோனில் கமாசி வாஷிங்டன், பியானோவில் ராபர்ட் கிளாஸ்பர், பேஸ் கிட்டாரில் தண்டர்கேட் என்று ஜாஸ்காரர்கள் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். 2012இல் வந்த அவருடைய ஆல்பத்தின் பாட்டுகளைக் காரில் அலறவிட்டவர்களில் பலர் இதை முதல் தடவை கேட்டுவிட்டு முழித்தார்கள். விமர்சகர்கள் கொண்டாடினார்கள். 'ஆல்ரைட்' என்ற பாட்டை அதே வருடம் கறுப்பின மக்கள் போராட்டத் தெருக்களில் கோஷமாகவே பாடினார்கள்.

என் அச்சகத்தில் நடந்தது இதற்குக் குறைந்ததில்லை. மகள் கல்யாணப் பத்திரிகைக்கு மெய்ப்புப் பார்க்க வந்திருந்த தோல் பட்டறை நண்பர் ஒருவரும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நாலாவது பாட்டு வரைக்கும் பொறுத்தார்.

"என்ன அண்ணாச்சி இது, ஒரு ஃப்ளோவே இல்லியே! பாட்டு சூடு பிடிக்கும்போது நிறுத்திப்புட்டு என்னமோ வாசிக்கான்."

"ஃப்ளோ இல்லியா? ஏக் நம்பர் ஃப்ளோ பெரியப்பா இது. உலகத்துலயே இவன் ஃப்ளோதான் டாப்பு" என்று மருமகன் துள்ளினான்.

அரை மணி நேரம் சண்டை. இரண்டு பேரும் சொன்னது சரிதான் என்பது எனக்கு அன்று ராத்திரி, மேற்கூரையில் மழை விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தபோதுதான் பிடிபட்டது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வேறு பொருளைப் பேசியிருக்கிறார்கள். மருமகன் சொன்னது, தாளத்தின் மேல் சொல் விழுகிற விதம். நண்பர் சொன்னது, ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தடங்கல் இல்லாமல் போகிற தொடர்ச்சி. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறது.

அந்தச் சொல் நேரடியாகத் தண்ணீரிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் 'ஃப்ளோவன்' என்றால் நீர் ஓடுதல். வெள்ளத்தைச் சொல்லும் 'ஃப்ளட்', மிதப்பதைச் சொல்லும் 'ஃப்ளோட்' இரண்டும் அதற்கு உறவு. இன்னும் பின்னால் போனால் சமஸ்கிருதப் 'பிலவம்' பங்காளி முறை ஆகிறது. தெப்பம், மிதப்பது என்று பொருள். 2021 சித்திரையில் நமக்குப் பிறந்ததே பிலவ வருடம், அதுவும் அதே சொல்தான். சரளமாகப் பேசுவதைச் சொல்லும் 'ஃப்ளூயன்ட்' மட்டும் லத்தீனிலிருந்து வந்தது. அண்ணன் தம்பி ஜாடை இருந்தாலும் வேர் வேறு.

ராப்புக்கு இந்தச் சொல் வந்த பிறகு தண்ணீர் மெல்ல வற்றி, கணக்கு உள்ளே வந்தது. 1979இல் வந்த 'ரேப்பர்ஸ் டிலைட்' பாட்டைக் கேட்டால் ஒவ்வொரு வரியும் இயைபில் போய் முட்டி நிற்கும், நம் கும்மிப் பாட்டு மாதிரி. 1987இல் ராப்பர் ரக்கீமின் முதல் ஆல்பம் வந்தது. சின்ன வயதில் சாக்ஸபோன் வாசித்தவர், ஜாஸ் சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேனைக் கேட்டு வளர்ந்தவர். சாக்ஸபோன்காரன் தாளவட்டம் முடிகிற இடத்தில் மூச்சை நிறுத்த மாட்டான். அடுத்த வட்டத்துக்குள் புகுந்துதான் முடிப்பான். ரக்கீம் அதையே வாயால் செய்தார். எதுகை வரியின் நடுவில் ஒளிந்துகொண்டது, வாக்கியம் வரியைத் தாண்டிப் போனது. அதனால் ஜாஸும் ராப்பும் 2015இல்தான் முதல்முறை கைகுலுக்கிக்கொண்டன என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஃப்ளோ என்ற திறமைக்குள்ளேயே ஜாஸ் இருந்தது.

இனி தமிழ்ச்சொல். 'ஓட்டம்' ஏன் ஆகாது? ரத்த ஓட்டம், நீரோட்டம் எல்லாம் சரி. ஆனால் ஓட்டம் என்றதும் வேகம் வந்துவிடுகிறது. மெதுவாக, இழுத்து இழுத்துச் சொல்கிறவனுக்கும் ஃப்ளோ உண்டு. 'பாய்வு' கலைச்சொல் அகராதிக்காரர்களின் பிள்ளை. பாய்வுப் படம் வரைகிறவர்களிடமே இருக்கட்டும். 'சரளம்' பக்கத்தில் வருகிறது, ஆனால் வேண்டுமென்றே திக்குகிற ராப்பரை என்ன செய்வது? இதே ஆல்பத்தில் ஒரு பாட்டில் குடித்துவிட்டு அழுகிற குரலில், உடைந்து உடைந்து பாடுகிறார். அதில் சரளம் துளியும் இல்லை. ஃப்ளோ இருக்கிறது. வேலையில் தன்னை மறந்து மூழ்குவதையும் உளவியலார் ஃப்ளோ என்கிறார்கள். அதற்கு 'லயிப்பு' என்று நம்மிடம் எப்போதோ இருக்கிறது, அதை விடுவோம்.

'ஒழுக்கு' என்ற சொல்தான் எனக்கு ஆசை காட்டியது. ஒழுகு என்பதிலிருந்து ஒழுக்கம் வருகிறது. நீர் தன் வழியில் போவதும் மனிதன் தன் நெறியில் போவதும் தமிழுக்கு ஒரே வினை. எவ்வளவு அழகான சொல்! ஆனால் ஜூலை மாதத் தாராவியில் நின்றுகொண்டு "அவனுக்கு ஒழுக்கு பிரமாதம்" என்று சொல்லிப்பாருங்கள். நீலத் தார்ப்பாயும் பிளாஸ்டிக் வாளியுமாக நாலு பேர் ஓடிவருவார்கள்.

இந்தக் குழப்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்டவாளத்தைத் தாண்டி மாட்டுங்காவுக்குப் போனேன். ஷண்முகானந்தா அரங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு மாமி இருக்கிறார். ரொம்ப வருடம் பாட்டு சொல்லிக்கொடுத்தவர், நாலைந்து பத்திரிகை வேலை எனக்கு வாங்கித் தந்தவர். மருமகனும் கூட வந்தான். அந்த ஆல்பத்தில் கிளாஸ்பரின் பியானோ தறிகெட்டு ஓடுகிற ஒரு குட்டிப் பாட்டு இருக்கிறதே, 'ஃபார் ஃப்ரீ', அதைப் போடச் சொன்னேன். அவன் என் முழங்கையைக் கிள்ளினான். அதில் வருகிற வார்த்தைகள் அப்படி. மாமிக்கு அந்த உச்சரிப்பு பிடிபடாது என்று தைரியம் சொன்னேன்.

மாமி கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். இரண்டு நிமிடப் பாட்டு. முடிந்ததும் விரலை நிறுத்தாமலே சொன்னார்: "பாஷை ஒண்ணும் புரியலை. ஆனா பையன் கெட்டிக்காரன். ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கறான், சமத்துக்கு மட்டும் டாண்ணு வந்துடறான். நடை அவனுக்கு நன்னா வசப்பட்டிருக்கு."

நடை! ஐம்பது வருடமாகக் காதில் விழுந்த சொல், நான் ஏன் யோசிக்கவில்லை?

மாமி சொன்ன சமம், தாளவட்டம் தொடங்குகிற இடம். கர்நாடக இசையில் நடை என்பது ஓர் அட்சரத்தை, அதாவது தாளத்தின் ஓர் எண்ணிக்கையை, எத்தனையாகப் பங்கிடுகிறோம் என்ற கணக்கு. நாலாகப் பங்கிட்டால் சதுஸ்ரம், தகதிமி. மூன்றாகப் பங்கிட்டால் திஸ்ரம், தகிட. ஐந்து கண்டம், ஏழு மிஸ்ரம், ஒன்பது சங்கீர்ணம். தாளம் மாறாது, உள்ளே நடை மாறும். 2013 வாக்கில் மிகோஸ் குழு பரப்பிவிட்ட மும்மூன்றாக அடுக்குகிற ராப் நமக்கு வெறும் திஸ்ர நடை. ஜாஸின் ஸ்விங்கும் திஸ்ரத்துக்குச் சொந்தம்தான்; மூன்றில் இரண்டை முதல் சுரம் எடுத்துக்கொள்ள, மிச்சம் ஒன்று அடுத்ததற்கு. 1935இல் லியோன் ஆபியின் ஜாஸ் குழு தாஜ் ஹோட்டலில் வந்து இறங்கியபோதே இந்த ஊருக்கு அது பழக்கமாகிவிட்டது.

கணக்கு மட்டும் என்றால் போதாது. ராப்பரின் ஃப்ளோ அவன் கைரேகை மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு இன்னார் என்று சொல்லிவிடலாம். அதையும் நடை தாங்குகிறது. எழுத்தாளனுக்கு நடை உண்டு, யானைக்கு நடை உண்டு, தெருமுனையில் வருகிறவர் சித்தப்பாவா என்று தூரத்திலேயே காட்டிக்கொடுப்பதும் நடைதான். இந்தப் பொருளுக்கு இதைவிட நல்ல சொல் தமிழில் இல்லை என்பது என் துணிபு.

நடையின் வகைகளுக்குப் பெயர் வேண்டும் என்றால் தொல்காப்பியர் 20 வண்ணம், அதாவது செய்யுளின் சந்த வகை, சொல்லி வைத்திருக்கிறார். ராப் கேட்கிறவன் செய்யுளியலின் அந்தப் பகுதியைப் படித்தால் சிரித்துவிடுவான். வல்லின எழுத்துகள் மோதி வருவது வல்லிசை வண்ணம். குற்றெழுத்துகள் உருண்டோடுவது உருட்டு வண்ணம். (இன்றைக்கு 'உருட்டு' என்றால் புளுகு. ராப்பில் இரண்டும் சேர்ந்தே நடக்கிறது.) முடுகு வண்ணத்துக்கு அவர் சொல்கிற இலக்கணம் "அடியிறந்து ஓடி"; அடியின் எல்லையைத் தாண்டி ஓடுவது. ரக்கீம் செய்தது வேறு என்ன? அருணகிரிநாதரின் திருப்புகழை மனப்பாடமாகச் சொல்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் நாக்கிலேயே இருக்கிறது. தாராவிப் பையன்கள் தமிழும் இந்தியும் மராத்தியும் கலந்து அடிக்கிற ராப்பில், தமிழ் வருகிற இடத்தில் மட்டும் வேகம் ஒரு படி ஏறுவதை நான் கவனித்திருக்கிறேன். 2018இல் 'காலா' படப் பாட்டுகளில் டோப்அடெலிக்ஸ் குழு வந்தபோது ஊரே கவனித்தது.

சரி, தோல் பட்டறை நண்பரின் ஃப்ளோவுக்கு என்ன வழி? அவர் கேட்டது கோர்வை. "கோர்வையாச் சொல்லு" என்று பிள்ளைகளிடம் சொல்வோமே, அது. மிருதங்கக்காரர்களின் கோர்வை வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர் குறைக்குப் பதில் நன்னூலில் கிடைத்தது. சூத்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவதற்குப் பவணந்தியார் நாலு முறை சொல்கிறார்: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. ஆறு போல இடைவிடாமல் போகலாம். சிங்கம் போல முன்னும் பின்னும் பார்த்துப் போகலாம். தவளை போல இடைவெளி விட்டுத் தாவலாம். பருந்து போலச் சட்டென்று இறங்கிக் கவ்வலாம்.

நண்பர் எதிர்பார்த்தது ஆற்றொழுக்கு. ஆல்பம் கட்டப்பட்டிருப்பது அரிமா நோக்கில். பாட்டுகளுக்கு நடுவில் நிறுத்திவிட்டு வாசிக்கிறான் என்றாரே, அது ஒரே கவிதை. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்கி, இரண்டு மூன்று வரி கூடுதலாகச் சொல்லி நின்றுவிடும். முன்னால் போன பாட்டையும் திரும்பிப் பார்க்கும், வரப்போகிற பாட்டையும் காட்டும். "முடிந்தது போன்று முடியாதாகும்" என்று புறப்பாட்டு வண்ணத்துக்குச் சொன்னதைத் தொல்காப்பியர் இதற்கே சொல்லியிருக்கலாம். கடைசிப் பாட்டில்தான் கவிதை முழுசாக வருகிறது. அங்கே லமார் அதை வாசித்துக் காட்டுவது 1996இல் செத்துப்போன ராப்பர் டுபாக்குக்கு. 1994இல் டுபாக்கிடம் எடுத்த ஒரு பேட்டியின் குரலை வெட்டி எடுத்து, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது போலச் செய்திருக்கிறார். கடைசியில் ஒரு கேள்வி. பதில் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அதோடு ஆல்பம் நிற்கிறது.

இதைப் பத்திரிகை வாங்க வந்த அன்று நண்பரிடம் விவரமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "அப்பம் அவன் தெரிஞ்சேதான் செஞ்சிருக்கான்" என்றார். பிறகு, "இருந்தாலும் எனக்கு ஆறுதான் அண்ணாச்சி பிடிச்சிருக்கு" என்றார். அதில் தப்பென்ன இருக்கிறது?

போஸ்டரில் 'சிறந்த வரி, சிறந்த குரல், சிறந்த நடை' என்று பெரிய எழுத்தில் போட்டேன். முகப்பில் 'நடைப் போட்டி' என்றே வைக்கலாம் என்று மருமகனுக்கு ஆசை. புதுச் சொல் கிடைத்த உற்சாகம். வைத்தோம். எங்கள் சால் குடியிருப்பின் கீழ் வாசலில் ஒட்டிய மறுநாள் காலை, சொசைட்டி செக்ரட்டரி அச்சகத்துக்கே வந்துவிட்டார்.

"எத்தனை கிலோமீட்டர் தம்பி? டாக்டர் தினமும் நடக்கச் சொல்லிருக்காரு. வயசு வரம்பு ஏதும் உண்டா?"