ரிப்பன் இல்லாத லேபிள் பிரிண்டர் உங்களுக்குப் போதுமா?

பொடி, ஊறுகாய், அகர்பத்தி என்று பெங்களூரில் சிறுதொழில் தொடங்கும் நம்மவர்கள் லேபிள் பிரிண்டர் வாங்க எஸ்.பி. ரோட்டுக்குப் போனால், கடைக்காரர் முதலில் எடுத்துவைப்பது பெரும்பாலும் ரிப்பன் தேவைப்படாத டைரக்ட் தெர்மல் மெஷினைத்தான். விலை குறைவு, மை வாங்க வேண்டாம், ரோலை மாட்டினால் போதும் என்பார். எல்லாம் உண்மைதான். அந்த எழுத்து எவ்வளவு நாள் நிற்கும் என்று மட்டும் நாமும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

டைரக்ட் தெர்மலில் மை என்று தனியாக ஒன்றும் கிடையாது. பேப்பரின் மேல்பூச்சிலேயே நிறமில்லாத ஒரு சாயமும், அதைக் கறுப்பாக்கும் இன்னொரு வேதிப்பொருளும் இருக்கும். பிரிண்டரின் அச்சு முனையான ஹெட்டின் சூடு பட்ட இடத்தில் இரண்டும் உருகிச் சேர்ந்து எழுத்தாகும். அதனால் பிறகு படும் சூடும் வேலையைக் காட்டும். கொதிக்கும் இடத்தில் வைத்தால் லேபிளே கறுத்துவிடும். வெயில் வெளிச்சமோ எண்ணெயோ பட்டால் நேர்மாறாக எழுத்து வெளுக்கும். பர்ஸில் கிடக்கும் பெட்ரோல் பங்க் பில் வெள்ளைத் தாளாக மாறுவது இதனால்தான்.

ஸ்ரீராமபுரத்தில் அகர்பத்தி பேக் செய்யும் ஒரு அக்கா, "தம்பி, கடையிலேருந்து திரும்பி வந்த டப்பால எம்.ஆர்.பி.யே காணோம். ரோல் டூப்ளிகேட்டா?" என்று கேட்டார். ரோல் சரியான ரோல்தான். வில்லன் வாசனை எண்ணெய். அகர்பத்தி சென்ட்டில் டி.இ.பி. என்ற கரைப்பானைக் கலப்பது வழக்கம். அந்த இனத்துத் திரவங்கள் தெர்மல் எழுத்தைக் கரைத்துவிடும். பாதுகாப்புக்கு என்று மேலே செல்லோ டேப் வேறு ஒட்டியிருந்தார். டேப்பின் பசையும் எழுத்தை வெளுக்கவைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. பி.வி.சி. உறைக்குள் லேபிளை வைத்தாலும் இதே கதைதான்.

ரிப்பன் போட்டு ஓட்டும் இன்னொரு வகைதான் தெர்மல் டிரான்ஸ்ஃபர். இதில் சூடு படுவது ரிப்பன் மேல். ரிப்பனில் உள்ள மை உருகி லேபிளில் ஒட்டிக்கொள்ளும். லேபிள் சாதாரண குரோமோ பேப்பராகவும் இருக்கலாம், பாலியெஸ்டராகவும் இருக்கலாம். ஆனால் ரிப்பன் அதற்குப் பொருந்த வேண்டும். சிக்கலே இங்கேதான். குரோமோவுக்கு வேக்ஸ் (மெழுகு மை) ரிப்பன் போதும், மலிவும் அதுதான். பலர் கைபட்டு உரசும் சரக்கு என்றால் மெழுகும் பிசினும் கலந்த வேக்ஸ்-ரெசின். எண்ணெய், கெமிக்கல், வெயில் என்றால் பாலியெஸ்டர் லேபிளும் ரெசின் ரிப்பனும். பாலியெஸ்டரில் வேக்ஸ் அடித்தால் நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும். ரெசினுக்குச் சூடு கூடுதலாக வேண்டும், வேகத்தையும் குறைக்க வேண்டும். இதை விட்டுவிட்டு 'மெஷின் சரியில்லை' என்று தூக்கிக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம்.

அதற்காக எல்லோருக்கும் ரிப்பன் வாங்கச் சொல்ல மாட்டேன். இட்லி மாவுப் பாக்கெட் சில நாளில் தீர்ந்துவிடும், கூரியர் லேபிள் வீடு சேர்ந்ததும் குப்பைக்குப் போய்விடும். இவற்றுக்கு டைரக்ட் தெர்மல்தான் சரி. ஆனால் மாதக்கணக்கில் அலமாரியில் நிற்கும் ஊறுகாய்க்கு அது ஆகாது. லேபிளில் உள்ள விவரம் தெளிவாகவும் அழியாததாகவும் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020 லேபிளிங் விதி. பேட்ச் நம்பரும் தேதியும் மறைந்த பாட்டிலை வைத்துக்கொண்டு 'அச்சடிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது' என்று சொல்லித் தப்ப முடியாது.

இன்னும் முடிவுக்கு வரவில்லை என்றால் டிரான்ஸ்ஃபர் மெஷினையே வாங்குங்கள். பெரும்பாலான மாடல்களில் ரிப்பனைக் கழற்றி, செட்டிங்கை மாற்றி, டைரக்ட் தெர்மல் ரோலும் ஓட்டலாம். டைரக்ட் மெஷினில் ரிப்பன் மாட்ட வழியே இல்லை. கையில் இருப்பது எந்த ரோல் என்று சந்தேகம் வந்தால் நகத்தால் வேகமாக ஒரு கோடு இழுங்கள். கறுத்தால் டைரக்ட் தெர்மல். ரிப்பனில் மை எந்தப் பக்கம் என்று தெரியவில்லையா? லேபிளின் பசைப் பக்கத்தை அழுத்தி எடுங்கள், மை ஒட்டிக்கொண்டு வரும் பக்கம்தான் லேபிளைப் பார்க்க வேண்டும். ரிப்பன் லேபிளைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் லேபிள் ஓரம் ஹெட்டைத் தேய்த்துவிடும்.

மொத்தமாக ரோல் வாங்கும் முன் சாம்பிள் கேளுங்கள், கொடுப்பார்கள். உங்கள் பாட்டிலிலேயே ஒட்டி, உங்கள் எண்ணெயையே தடவி, ஒரு வாரம் ஜன்னலோரம் வையுங்கள். அப்புறம் விரலால் தேய்த்துவிட்டு பார்கோடை போனில் ஸ்கேன் செய்து பாருங்கள்.

அப்புறம், ஓடி முடிந்த ரிப்பனை அப்படியே குப்பையில் போடாதீர்கள். நீங்கள் அச்சடித்த பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் அதில் வரிசையாகப் படிக்கும்படி இருக்கும். வெட்டிப் போடுங்கள்.